தகப்பனின் வாக்கு, மகளின் நாடு

அகதி வழக்குகளில் மறுப்புக் கடிதம் என்று ஒன்று வரும். தஞ்சம் கேட்டவரின் கதையைப் பிரித்தானிய உள்துறை அமைச்சு பத்தி பத்தியாகப் பிரித்து, எதை நம்பவில்லை, ஏன் நம்பவில்லை என்று எழுதி அனுப்பும். நான் லண்டனில் சட்டத்தரணியாக இருந்த காலத்தில் பார்த்த கடிதங்களில் பெரும்பாலானவை, கைது நடந்ததா, சித்திரவதை நடந்ததா என்ற தகராறுகள்தான். 2007இல் வந்த ஒன்று வேறு மாதிரி இருந்தது. அந்தப் பெண் சொன்ன எந்தச் சம்பவத்தையும் அது மறுக்கவில்லை. தகப்பன் இரவில் கொண்டுபோகப்பட்டதையும், வீட்டிலிருந்த அடையாள அட்டைகள் பறிக்கப்பட்டதையும் அப்படியே ஏற்றுக்கொண்டது. மறுப்புக்கான காரணம் ஒன்றே. முதல் விசாரணையில் அவர் தன்னை எத்தியோப்பியர் என்றிருக்கிறார், அடுத்ததில் எரித்திரியர் என்றிருக்கிறார், நடுவில் ஓரிடத்தில் ஹபெஷா என்றும் சொல்லியிருக்கிறார். தன் நாடு எது என்பதிலேயே முரண்படுகிறவர் நம்பத்தக்கவர் அல்ல என்றது கடிதம். அதோடு, எத்தியோப்பியர் என்றால் அடிஸ் அபாபாவுக்குத் திரும்பலாம், எரித்திரியர் என்றால் அஸ்மாராவுக்குப் போகலாம் என்றும் சேர்த்திருந்தார்கள்.

கடைசி வாதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின்படி, ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் பிரஜாவுரிமை இருந்தால், அந்த நாடுகள் ஒவ்வொன்றிலும் தனக்குப் பாதுகாப்பு இல்லை என்று அவர் காட்டியாக வேண்டும். ஆகவே, 'இந்தப் பெண் யார்?' என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் வழக்கில் ஓரடிகூட நகர முடியாது.

அவர் 1978இல் அடிஸ் அபாபாவில் பிறந்தவர். தாயும் தகப்பனும் அஸ்மாராக்காரர்கள். தகப்பன் பிறந்தபோது அஸ்மாரா இத்தாலியின் குடியேற்ற நாட்டில் இருந்தது. அவர் சிறுவனாக இருந்த காலத்தில், 1941 முதல், அங்கே பிரித்தானிய இராணுவ நிர்வாகம். 1950இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை எடுத்த முடிவின்படி 1952இல் எரித்திரியா எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியாக இணைக்கப்பட்டது. 1962இல் பேரரசர் ஹைலே செலாசி அந்தக் கூட்டாட்சியைக் கலைத்து அதை ஒரு மாகாணமாக்கிவிட்டார். பிறந்த தெருவை விட்டு அசையாமலே அந்த மனிதர் நான்கு கொடிகளைப் பார்த்துவிட்டார். அதன் பிறகுதான் வேலை தேடி அடிஸ் அபாபாவுக்கு வந்தார். வந்தபோது அவரிடம் இருந்ததும், மகள் பிறந்தபோது மகளுக்குக் கிடைத்ததும் எத்தியோப்பியப் பிரஜாவுரிமை ஒன்றுதான். வேறெந்த நாடும் அப்போது அவர்களுக்கு இல்லை, ஏனென்றால் எரித்திரியா என்ற நாடே இல்லை.

முப்பது வருடப் போருக்குப் பிறகு 1991 மே மாதத்தில் எரித்திரிய மக்கள் விடுதலை முன்னணி அஸ்மாராவுக்குள் நுழைந்தது. சில நாட்களில் அடிஸ் அபாபாவிலும் ஆட்சி மாறியது. புதிய எத்தியோப்பிய அரசு எரித்திரியாவின் பிரிவினையை எதிர்க்கவில்லை. 1993 ஏப்ரலில் சர்வஜன வாக்கெடுப்பு நடந்தது. எத்தியோப்பியாவில் வாழ்ந்த எரித்திரிய வம்சாவளியினரும் இருந்த ஊரிலேயே வாக்களித்தார்கள். வாக்களிக்க வேண்டுமானால், 1992ஆம் ஆண்டு எரித்திரியப் பிரஜாவுரிமைப் பிரகடனத்தின் கீழ் முதலில் ஓர் அடையாள அட்டை எடுக்க வேண்டும். தகப்பன் எடுத்தார், வாக்களித்தார். சுதந்திரத்துக்கு ஆதரவாக விழுந்த 99.8 வீத வாக்குகளில் அவருடையதும் ஒன்று. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனார். அந்த வாக்கினால் அவருடைய எத்தியோப்பியப் பிரஜாவுரிமை போய்விடும் என்று அரசாங்கம் அன்று அவரிடம் சொல்லவில்லை. எத்தியோப்பியக் கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் தொடர்ந்து செல்லுபடியாகின. மகளுக்கு அப்போது பதினைந்து வயது. வாக்களிக்கும் வயது வரவில்லை, எந்த அட்டையும் எடுக்கவில்லை.

1998 மே 6இல் பாட்மே என்ற எல்லைக் கிராமத்தில் துப்பாக்கிச் சூடு. ஒரு மாதம் கழித்து ஜூன் 12இல் நாடுகடத்தல்கள் தொடங்கின. போர் முடிவதற்குள் 75,000 பேர் அளவில் எத்தியோப்பியாவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். வெளிநாட்டவர் எவரையும், அவருடைய கண்ணின் நிறம் பிடிக்கவில்லை என்றாலும்கூட, வெளியேறச் சொல்லும் உரிமை அரசுக்கு உண்டு என்ற கருத்தில் அன்றைய பிரதமர் மெலெஸ் செனாவி அந்த ஜூலையில் பேசினார். அந்தப் பேச்சு மனித உரிமை அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. என் கட்சிக்காரரின் தகப்பனை இரவில் அழைத்துப் போனார்கள். சில நாட்கள் ஒரு தடுப்பிடம், பிறகு பஸ்ஸில் ஏற்றி எல்லை. மறு வருடம் தாயின் அட்டையும் மகளின் அட்டையும் பறிபோயின. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய வெளிநாட்டவர் அனுமதி எடுக்குமாறு தாய்க்குச் சொல்லப்பட்டது. தாய் இறந்த பின் மகள் கார்ட்டூமுக்குப் போனார், அங்கே சில வருடம் வீட்டுவேலை செய்தார், பிறகு இங்கிலாந்து.

இதைக் கேட்டபோது எனக்கு உடனே இலங்கையின் மலையகம்தான் நினைவுக்கு வந்தது. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளையிடம் உன் தகப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்டது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத லயத்து வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்காகப் பிரித்து எழுதிக்கொண்டது. ஒரு பிள்ளையின் நாட்டைத் தகப்பனின் பெயரில் தேடும் சட்டம் எங்கே போய் முடியும் என்பதற்கு எனக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

வழக்கை நான் இரண்டாகப் பிரித்தேன். ஒன்று பிரஜாவுரிமைச் சட்டம். மற்றது, அரசுத் தரப்பு முரண் என்று சொன்ன அந்த மூன்று பெயர்கள். முதலாவது எனக்குப் பழகிய தடம். இரண்டாவதற்கு ஆபிரிக்க வரலாறு கற்பிக்கும் ஓர் அறிஞரிடம் நிபுணர் அறிக்கை கேட்டேன். அது வருமுன் நானும் படிக்கத் தொடங்கினேன். வழக்குக்குத் தேவையானதைவிட அதிகமாகவே படித்தேன் என்று சொல்ல வேண்டும். எத்தியோப்பியா என்ற சொல்லின் வழி அப்படிப்பட்டது, உள்ளே போனால் திரும்ப மனம் வராது.

'ஐத்தியோப்ஸ்' என்பது கிரேக்கச் சொல், வெயிலில் கருகிய முகம் உடையவர் என்ற பொருளில் வழங்கியது. அந்த மக்கள் தங்களுக்கு இட்ட பெயரல்ல, தூரத்தில் இருந்தவர்கள் இட்டது. ஹோமரின் காவியத்தில் அவர்கள் உலகத்தின் இரு கோடிகளிலும், சூரியன் உதிக்கும் பக்கமும் மறையும் பக்கமும் வாழ்கிறார்கள். ஹெரோடோட்டஸ் பாரசீக மன்னன் செர்க்சஸின் படையை விவரிக்கும்போது இரண்டு வகை எத்தியோப்பியரைக் காட்டுகிறார். மேற்கத்தியவர்களுக்குச் சுருண்ட முடி. கிழக்கத்தியவர்களுக்கு நேரான முடி, அவர்கள் இந்தியர்களோடு சேர்த்து அணிவகுக்கப்பட்டிருந்தார்கள். அந்தக் கணக்கில் என் மூதாதையரும் எத்தியோப்பியரே. பிற்காலத்தில் வேறு கிரேக்க எழுத்தாளர்களும் தென்னிந்தியரின் நிறத்தை எத்தியோப்பியரின் நிறத்தோடு ஒப்பிட்டு, முடியில்தான் வேறுபாடு என்று எழுதினார்கள்.

கிரேக்கர் சற்றுத் திட்டமாக ஒரு நாட்டைச் சுட்டியபோது, அது இன்றைய எத்தியோப்பியாவாக இருக்கவில்லை. எகிப்துக்குத் தெற்கே நைல் நதிக்கரையில் இருந்த கூஷ் இராச்சியம் அது. அதன் தலைநகர் மெரோவே இன்று சூடானில் இருக்கிறது. எபிரேய வேதத்தில் கூஷ் என்று இருந்ததைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் எத்தியோப்பியா என்று மாற்றினார்கள், அது அப்படியே பல மொழிகளுக்குப் பரவியது. மிஷன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த எத்தியோப்பிய மந்திரியின் கதையும் அதில் சேர்த்தி. அப்போஸ்தலர் நடபடிகளில் இரதத்தில் வருகிற அந்த மந்திரி, கந்தாகே அரசியின் பொக்கிஷங்களைக் காத்தவர். கந்தாகே என்பது மெரோவேயின் அரசியருக்குரிய பட்டம். நான் சிறுவனாக அடிஸ் அபாபாவிலிருந்து புறப்பட்டவராக நினைத்துக்கொண்டிருந்த மனிதர், இன்றைய வரைபடத்தில் சூடான்காரர்.

வழக்குக்கு உதவியது அடுத்த கட்டம். நான்காம் நூற்றாண்டில் அக்சும் நகரத்தை ஆண்ட எசானா மன்னன் தன் வெற்றிகளைக் கல்லில் பொறித்தான், உள்ளூர் மொழியாகிய கீஸிலும் கிரேக்கத்திலும். கீஸில் 'ஹபஷத்' என்று இருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் எத்தியோப்பியர் என்று இருக்கிறது. ஹபஷத் என்பதிலிருந்து வந்ததுதான் ஹபெஷா. அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய் அபிசீனியா ஆனதும், இந்தியாவில் ஹப்ஷி ஆனதும் அதுவே. அஹமத்நகர் சுல்தானகத்தைத் தாங்கி நின்ற மாலிக் அம்பரை ஹப்ஷி என்று அழைத்ததும் அதனால்தான். அக்சும் இராச்சியத்தின் துறைமுகமான அதுலிஸ் இன்றைய எரித்திரியாவின் கரையில் இருக்கிறது. ஆக, என் கட்சிக்காரர் சொன்ன மூன்று பெயர்களில் இரண்டு, ஆயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முன்பே ஒரே மன்னனின் கல்வெட்டில் ஒன்றுக்கு ஒன்று ஈடாக நிற்கின்றன. அந்த மன்னனின் கப்பல்கள் புறப்பட்ட கரை மூன்றாவது பெயருக்குரிய நாட்டில் இருக்கிறது. இதில் முரண் எங்கே?

கல்வெட்டில் தொடங்கியதைப் பதினான்காம் நூற்றாண்டின் 'கெப்ரா நகஸ்த்' என்ற நூல் முழுமையாக்கியது. சாலமோன் அரசருக்கும் சேபா நாட்டு அரசிக்கும் பிறந்த மெனெலிக்கின் வம்சம் தங்கள் அரச வம்சம் என்றது அது. அப்போது எத்தியோப்பியா என்பது பிறர் இட்ட பெயராக இல்லாமல், வேதத்தில் தங்களுக்கு உள்ள பங்கைக் காட்டும் பெயராகிவிட்டது. 1955ஆம் ஆண்டு அரசியலமைப்பின் இரண்டாம் உறுப்புரையிலேயே, பேரரசரின் வம்சம் மெனெலிக்கிலிருந்து இடையறாது வருகிறது என்று எழுதியிருக்கிறது. என் கட்சிக்காரரின் தகப்பன் தன் இளமையில் அந்த அரசியலமைப்பின் கீழ் வாழ்ந்தவர்.

சொல்லின் இருண்ட பக்கத்தையும் நான் தீர்ப்பாயத்தின் முன் வைத்தேன். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் புளூமென்பாக் மனிதரை ஐந்து இனங்களாக வகுத்தபோது, கறுப்பு ஆபிரிக்கரை எத்தியோப்பிய இனம் என்றார். அது அகராதிகளுக்குள் போயிற்று, அகராதியிலிருந்து நீதிமன்றத்துக்கு வந்தது. 1878இல் கலிஃபோர்னியாவில் ஆ யப் என்ற சீனர் அமெரிக்கப் பிரஜாவுரிமை கேட்ட வழக்கில், வெள்ளையர் என்றால் யார் என்று முடிவு செய்ய நீதிபதி வெப்ஸ்டர் அகராதியைத் திறந்தார். காக்கேசியர், மங்கோலியர், எத்தியோப்பியர் என்று அதில் இருந்த ஐந்து இனப் பட்டியலைத் தீர்ப்பில் எழுதி, சீனருக்கு இடமில்லை என்று முடித்தார். ஒருவர் எந்த நாட்டவர் என்பதை இரத்தத்தையும் வம்சத்தையும் வைத்துத் தீர்மானிக்க ஒரு நீதிமன்றம் முயன்றால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தத் தீர்ப்பைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

அதே சொல்லை ஒடுக்கப்பட்டவர்கள் கையில் எடுத்ததும் நடந்தது. 1892இல் பிரிட்டோரியாவில் மங்கேனா மொகோனே என்ற மெதடிஸ்ட் போதகர், வெள்ளையரின் கீழ் இரண்டாந்தரமாக நடத்தப்படுவதைப் பொறுக்காமல் விலகி, எத்தியோப்பியத் திருச்சபை என்ற பெயரில் புதிய சபை தொடங்கினார். அவர் அந்தப் பெயரை எடுத்தது 68ஆம் சங்கீதத்திலிருந்து. நான்கு வருடம் கழித்து, 1896 மார்ச் 1இல், அத்வாவில் இரண்டாம் மெனெலிக் பேரரசரின் படை இத்தாலியரைத் தோற்கடித்தபோது, வேதத்துப் பெயருக்கும் பூமியில் இருந்த நாட்டுக்கும் முடிச்சு விழுந்தது. மார்கஸ் கார்வியின் இயக்கம் 1920இல் தன் கீதத்துக்கு எத்தியோப்பியாவின் பெயரை வைத்தது. 1930இல் ஹைலே செலாசி முடிசூடியபின் ஜமேக்காவில் ராஸ்தஃபாரியர் எழுந்தார்கள். அவர்களில் பலர் பேரரசர் தந்த ஷாஷமனே நிலத்தில் போய்க் குடியேறினார்கள். தங்களை எத்தியோப்பியர் என்றே கருதி, அங்கே பிள்ளை பெற்று, அங்கேயே புதைக்கப்பட்டார்கள். எத்தியோப்பியப் பிரஜாவுரிமை மட்டும் அவர்களுக்கு இருக்கவில்லை. அவர்களுக்கு அடையாள அட்டை வழங்க அரசு முன்வந்தது 2017இல்தான்.

நிபுணரின் அறிக்கை இவற்றில் பலவற்றைச் சுருக்கமாகவும் பொறுப்பாகவும் சொன்னது. விசாரணையில் அரசுத் தரப்புப் பிரதிநிதி என் கட்சிக்காரரிடம் நேராகக் கேட்டார்: மூன்று பதில் சொன்னீர்களே, எது உண்மை? அம்ஹாரிக் மொழிபெயர்ப்பாளர் வழியாக அவர் சொன்ன விடையை நான் குறித்து வைத்திருந்தேன்.

"என் தகப்பன் ஊர் அஸ்மாரா. நான் பிறந்தது அடிஸ் அபாபாவில். எங்கள் எல்லாருக்கும் பொதுவான பேர் ஹபெஷா. எந்த நாட்டில் பிறந்தாய் என்று கேட்டவருக்கு எத்தியோப்பியா என்றேன். ஏன் துரத்தினார்கள் என்று கேட்டவருக்கு எரித்திரியர் என்பதால் என்றேன். கேட்டதற்குத்தானே பதில் சொல்ல வேண்டும்?"

நீதிபதி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். நான் அந்த விடையோடு வேறெதையும் சேர்க்கவில்லை.

ஆனால் வழக்கை வென்றுதந்தது வரலாறு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வரலாறு அவருடைய நம்பகத்தன்மையை மீட்டுத்தந்தது. பிரஜாவுரிமையைச் சட்டத்தால்தான் நிறுவ முடிந்தது. 1930ஆம் ஆண்டு எத்தியோப்பியப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 11ஆம் உறுப்புரைப்படி, வேறொரு நாட்டின் பிரஜாவுரிமையைப் பெற்றுக்கொள்பவர் எத்தியோப்பியப் பிரஜாவுரிமையை இழப்பார். பெற்றுக்கொள்வது ஒரு செயல், அதைச் செய்தவர் ஒருவர் இருக்க வேண்டும். வாக்களித்த தகப்பனைப் பற்றி வாதிக்கலாம். வாக்களிக்காத பதினைந்து வயதுப் பிள்ளை எதைப் பெற்றுக்கொண்டது? எரித்திரியாவின் பிரகடனம், தன் வம்சாவளியில் வந்த எவரையும் பிறப்பால் தன் பிரஜை என்கிறது. ஒரு நாடு தன் சட்டத்தில் ஒருத்தியைத் தன்னுடையவள் என்று எழுதிக்கொண்டதற்காக, இன்னொரு நாடு அவளைக் கைவிட முடியாது.

இரு நாடுகளின் போர் இழப்புகளை விசாரிக்க அல்ஜியர்ஸ் உடன்படிக்கையின் கீழ் ஹேக் நகரில் அமைந்த ஆணைக்குழு 2004 டிசம்பரில் தந்த தீர்ப்பு எனக்குப் பெரிய துணை. வாக்கெடுப்புக்குத் தகுதி பெற்றவர்கள் இரட்டைப் பிரஜாவுரிமை பெற்றார்கள் என்றது அது. அவர்களில் பாதுகாப்புக் காரணத்துக்காகத் தனித்தனியே விசாரிக்கப்பட்டவர்களின் பிரஜாவுரிமையைப் போர்க்காலத்தில் நீக்கியது சட்டவிரோதம் அல்ல என்றும் சொன்னது. இந்த இரண்டாவது முடிவை நான் மனதார ஏற்கவில்லை. நள்ளிரவில் கதவைத் தட்டிய அதிகாரி என் கட்சிக்காரரின் தகப்பனிடம் என்ன விசாரித்தார்? ஆனால் அதே தீர்ப்பு, இரட்டைப் பிரஜாவுரிமை இல்லாத எத்தியோப்பியர் சிலருடைய பிரஜாவுரிமையும் தவறாகப் பறிக்கப்பட்டது என்று கண்டறிந்தது. அந்தச் சிலருக்குள் இந்தப் பெண் அடங்குகிறார் என்பதே என் வாதம்.

இடையில் 2009 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதே மாதிரியான இன்னொரு எத்தியோப்பிய வழக்கில் தீர்ப்பு சொன்னது. நாடு தன்னை ஏற்காது என்று சொல்பவர், ஏற்கவைக்க நியாயமான முயற்சிகளை நேர்மையாக எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே என் கட்சிக்காரர் தேவாலயத்தில் பழகிய ஒருவரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு தூதரகத்துக்குப் போனார். பிறப்புச் சான்றிதழ், பழைய அடையாள அட்டை, பெற்றோரின் எத்தியோப்பிய ஆவணங்கள் வேண்டும் என்று அங்கே விளக்கினார்கள். அவர் கையில் ஒன்றும் இல்லை, எல்லாம் அந்த இரு வருடங்களில் பறிபோனவை. கூடப் போனவரின் வாக்குமூலத்தைத் தாக்கல் செய்தோம். எரித்திரியப் பக்கத்துக்கும் பதில் தேவைப்பட்டது. அவரை எரித்திரியப் பிரஜையாக அடையாளம் காட்ட மூன்று எரித்திரியச் சாட்சிகள் வேண்டும், அவருக்கு அங்கே தெரிந்தவர் எவரும் இல்லை. கிடைத்தாலும், முடிவில்லாமல் நீளும் கட்டாய தேசிய சேவை காத்திருந்தது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. மூன்று பெயர்களிலும் முரண் இல்லை, சாட்சி நம்பத்தக்கவர். அவர் பிறப்பால் எத்தியோப்பியப் பிரஜை, எரித்திரியப் பிரஜாவுரிமையை எக்காலத்திலும் தானாகப் பெற்றுக்கொண்டவர் அல்ல. அவருடைய பிரஜாவுரிமை இனக் காரணத்துக்காகத் தன்னிச்சையாகப் பறிக்கப்பட்டது, அந்தப் பறிப்பு இன்னும் தொடர்கிறது. அகதி அந்தஸ்து கிடைத்தது. தகப்பனைப் பற்றி அவருக்கு அப்போதும் தகவல் இல்லை.

2018 ஜூலையில் இரு நாடுகளும் சமாதானம் செய்து விமானப் போக்குவரத்தைத் திறந்தபோது அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அதற்குள் பிரித்தானியப் பிரஜையாகிவிட்டிருந்தார். அடிஸ் அபாபாவுக்குப் போய்த் தாயின் கல்லறையைப் பார்த்து, அங்கிருந்து அஸ்மாராவுக்கு விமானம் ஏற வேண்டும் என்றார். வெளிநாட்டுப் பிரஜைகளான எத்தியோப்பிய வம்சாவளியினருக்கு விசா இல்லாமல் போய்வர ஒரு மஞ்சள் அட்டை உண்டு, அதற்குத் தான் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டார். 2002ஆம் ஆண்டின் 270ஆம் இலக்கப் பிரகடனத்தை எடுத்துப் பார்த்தேன். எத்தியோப்பியப் பிரஜாவுரிமையை விட்டு எரித்திரியப் பிரஜாவுரிமை பெற்றவர்களை அது விலக்கி வைக்கிறது. நீங்கள் பெறவில்லை என்றேன். அதற்கு என்ன சாட்சி என்று கேட்டால் என்ன சொல்வது என்றார். தீர்ப்பில் அதைச் சொல்லும் பத்தியைக் குறித்து, முழுத் தீர்ப்பையும் மெய்ப்பிரதி என்று சான்றுப்படுத்தி, இரண்டு பிரதிகள் தபாலில் அனுப்பினேன். ஒன்று விண்ணப்பத்தோடு வைக்க, மற்றது அவர் கைப்பையில் இருக்க.